பட்டின் பின்பக்கம்

படத்தின் முதுகில் ஈரத் துணியை விரித்துவிட்டு, "என்னவோ கேட்டாயே, திரும்பக் கேள்" என்றார் இசோனோ.

மாணவி நுயி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் குப்புறக் கிடந்தது ரன்சோவின் ஓவியம். மழைக்கு முன் கொடியிலிருந்து துணி எடுக்கும் பெண். கியோத்தோவில் ஓவியம் தெரிந்த எல்லாரும் ஒரு முறையாவது வந்து பார்த்த படம். ரன்சோ, இசோனோவின் கணவர். இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

"கெய்சன் சொல்லி அனுப்பியிருக்கிறார், அம்மா. என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பமாம். நாளைக் காலையில் அவருடைய அக்கா பதிலுக்கு வருகிறாள்."

"எந்தக் கெய்சன்? மயில் வரைவாரே, அந்த மீசைக்காரரா?"

"மீசையை எடுத்துவிட்டார்."

"அப்படியானால் நிஜமாகவே ஆசைதான்."

நுயி சிரித்துவிட்டாள். முப்பத்து நான்கு வயதில் அவளைத் தேடி வந்த முதல் சம்பந்தம் அது.

"படம் வரைவதை விடவேண்டாம் என்கிறார். அவருடைய கூடத்திலேயே எனக்கும் இடம் உண்டாம். முதல் சில வருடம் மட்டும் அவர் படங்களுக்குப் பின்வண்ணம் போடவேண்டும். என்னைப்போல் வெள்ளை போட ஆள் கிடையாது என்று எல்லாரிடமும் சொல்கிறாராம்."

முன்பக்கம் ஓவியர் கோடு போடுவார். அரைத்த சிப்பி வெள்ளையைப் பட்டின் பின்பக்கம் பூசினால், அது இழைவழியே மெல்லக் கசிந்து முன்னால் தெரியும். முகத்துக்குச் சதையும் ரத்தமும் வந்துவிடும். பிறகு பின்பக்கத்தில் காகிதம் ஒட்டி மூடிவிடுவார்கள். அதோடு சரி. இந்த வேலையைத்தான் நுயி ஒன்பது வருடமாக இசோனோவிடம் கற்றிருந்தாள்.

"போகலாமா, அம்மா?"

இசோனோ துணியை எடுத்தார். ஊறிப்போன காகிதத்தின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார்.

"இத்தனை ஈரத்தோடு உரிக்கக் கூடாதே. நிறமும் கூட வந்துவிடும். நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்?"

"சொல்லிக் கொடுத்தேன்."

புண்ணில் ஒட்டிய கட்டைப் பிரிப்பதுபோல முதலில் மெதுவாக இழுத்தார். நுயி எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். குருவை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. இசோனோ கையை உதறவில்லை. அவளாக விடும்வரை காத்திருந்தார். பிறகு மிச்சத்தை ஒரே இழுப்பில் உரித்துப் பலகையின் ஓரத்தில் போட்டார்.

"அந்தப் பக்கம் பிடி. ஜன்னலுக்குக் கொண்டுபோவோம்."

ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பிடித்தார்கள். நுயி தன் முனையை விடாமல் முன்பக்கம் எட்டிப் பார்த்தாள். பெண் இருந்தாள். புருவம் இருந்தது, மூக்கு இருந்தது, துணியைப் பற்றிய விரல்கள் பத்தும் இருந்தன. கோட்டுக்கு உள்ளே பழுப்பேறிய பட்டு மட்டும் இருந்தது. கன்னம் இருந்த இடத்தில் ஜன்னலின் மரச்சட்டம் தெரிந்தது. அந்தக் கன்னத்தின் சூட்டைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்தார்கள்.

"கெடுத்துவிட்டீர்களே, அம்மா."

"அவர் வரைந்ததில் ஒரு கோடு குறைந்திருக்கிறதா, பார்."

நுயி பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை.

"அவருக்குத் தெரியுமா?"

"எது?"

"இந்த முகம் உங்கள் கையால் வந்தது என்று."

"நல்ல மனிதர். வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், என் மனைவிபோல் வெள்ளை போட ஆள் கிடையாது என்று."

பட்டிலிருந்து தண்ணீர் நுயியின் பாதத்தில் சொட்டியது. அவள் காலை நகர்த்தவில்லை.

"அவர் போனபிறகாவது நீங்கள் வரைந்திருக்கலாம். உங்கள் பெயரில்."

"உட்கார்ந்தேன். புதுப் பட்டை இழுத்துக் கட்டி, முன்பக்கமாக. நாற்பது நாள் உட்கார்ந்தேன்."

"ஒன்றுமே வரவில்லையா?"

"நிறம் எங்கே வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. யாராவது ஒரு கோடு போட்டிருந்தால் போதும். போட ஆள் இல்லை."

"உங்களால் முடியாதா?"

"அந்த வயதில் பழகியிருக்க வேண்டும். உன் வயதில்."

படத்தைப் பலகைக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். ஓரங்கள் சுருளாமல் இருக்க இசோனோ உள்ளங்கையால் நீவிவிட்டார். பாழான படத்தை எதற்கு இத்தனை பக்குவமாக நீவுகிறார் என்று நுயிக்கு ஆத்திரம் வந்தது.

"நாளைக்குக் கெய்சனின் அக்கா வந்து நிற்பாள். நான் என்ன சொல்ல? போ என்கிறீர்களா, போகாதே என்கிறீர்களா?"

இசோனோ ஈரத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவர் என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. முப்பது வருடம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், நுயி. அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்."

முற்றத்துப் பக்கம் போய்த் துணியைப் பிழியத் தொடங்கினார்.

உரித்த காகிதம் பலகையின் ஓரத்தில் கிடந்தது. அதில் அந்த முகம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கண் இல்லை, வாய் இல்லை, வெறும் வெள்ளை. நுயி வெகுநேரம் அதன் முன்னால் மண்டியிட்டிருந்தாள். பிறகு மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து, மையில் தொட்டு, புருவம் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டாள். ஈரத்தில் மை ஊறி அகன்றது. அதற்குக் கீழே இன்னொன்று போட்டாள்.