சுனைக்கரையில் இல்லாத கல்

ஏழு மலைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் ஒரு காட்டில், குழந்தைகளே, அந்த வருடம் மூங்கில் பூத்தது.

மூங்கில் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்து, அரிசியாய் உதிர்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே காய்ந்து போகும். காய்ந்த மூங்கில்கள் காற்றில் உரசினால் நெருப்புப் பற்றும். அதனால் கீழ்மலையில் இருந்த சிறு பிராணிகள் எல்லாம் மழைக்கு முன்பே மேல்மலைக்குக் குடிபெயர வேண்டியிருந்தது.

செம்பி என்ற மலையணிலுக்கு இரண்டு குட்டிகள். இரண்டும் இன்னும் கிளை தாவக் கற்கவில்லை. மழைக்காலத்துக்காக அது மூங்கில் அரிசி நிறையச் சேர்த்து வைத்திருந்தது. ஆனால் வாயில் குட்டியைக் கவ்வினால் அரிசியைக் கவ்வ முடியாது. அரிசியை விட்டுவிட்டுப் போனால், மேல்மலையில் மழை கொட்டும்போது குட்டிகளுக்கு எதைக் கொடுப்பது?

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மலையில் உள்ள தானியக் காப்பாளரிடம் தானியத்தைக் கொடுத்தால், அவர் கொடுத்தவரின் காதோரம் தன் மணத்தைத் தடவி அனுப்புவார். அடுத்த மலையில் அவருடைய ஆள் அந்த மணத்தை மோந்து பார்த்து, அதே அளவு தானியத்தை அளந்து தருவார். சுமை இல்லை, வழிப்பறி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மணமே தானியமாகி மலை தாண்டிப் போகும்.

கண்ணுக்குத் தெரியாத பொருளில் ஏமாற்றுவது சுலபம். ஆகவே யானைகள் ஒரு சட்டம் வைத்திருந்தன. காப்பாளராக விரும்புகிறவர் முதலில் உச்சியிலுள்ள யானைச் சுனைக்குப் போக வேண்டும். யானைகள் அவரைத் தீர விசாரிக்கும். தேறினால் சுனைக்கரையில் ஒரு கல்லை நட்டு, அதில் அவருடைய மணத்தைப் பூசச் சொல்லும். அங்கே பெற்ற அனுமதி ஏழு மலைக்கும் செல்லும். தவறு செய்தால் கல் சாய்க்கப்படும். யார் வேண்டுமானாலும் போய் மோந்து பார்க்கலாம்.

ஆனால் சுனைக்கு ஏற்றம் கடுமை. போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

அந்தச் சமயத்தில்தான் கீழ்மலை ஓடைக்கரையில் நறுமுகன் என்ற புனுகுப்பூனை புதிதாகக் காப்பகம் திறந்தது. வாசலில் காட்டுமல்லிகை படர்ந்திருந்தது. பக்கத்துக் களிமண்ணில் பெரிய யானைக் காலடி ஒன்று பதிந்து காய்ந்திருந்தது.

“வாருங்கள், வாருங்கள், செம்பி அக்கா! குட்டிகள் சௌக்கியமா?”

“பெரியவள் கடிக்கிறாள், சின்னவன் அழுகிறான். சௌக்கியம்தான்.”

“அரிசியைப் பற்றிக் கவலையே வேண்டாம். மற்றவர்கள் கொடுத்த அளவைத்தான் திருப்பித் தருவார்கள். நான் ஒன்றரை மடங்காகத் தருவேன்.”

“சும்மா கிடக்கிற அரிசி எப்படி ஐயா குட்டி போடும்?”

“அது தொழில் ரகசியம், அக்கா!”

வாசலில் நின்றிருந்த துடியன் என்ற வெள்ளெலி ஓடி வந்தது. அது எதையும் முதலில் செய்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ரகம். “அக்கா, நான் மொத்தத்தையும் கொடுத்தாயிற்று. என் காதை மோந்து பாருங்கள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணக்கவில்லை?”

“மணக்கிறது தம்பி” என்ற செம்பி, நறுமுகன் பக்கம் திரும்பியது. “யானைகள் உங்களுக்குக் கல் நட்டிருக்கின்றனவா?”

நறுமுகன் கோபப்படவில்லை. மீசை மலரச் சிரித்தது. “கேட்க வேண்டிய கேள்வி! இதற்காக நீங்கள் உச்சிக்கு ஏற வேண்டாம். சின்னப் பிராணிகள் மூச்சு வாங்குகின்றன என்று யானைகளே கற்களையெல்லாம் கீழே கொண்டுவந்துவிட்டன. என் வளைக்குப் பின்னால்தான் இருக்கின்றன. தாராளமாகப் பாருங்கள்.”

பின்னால் உண்மையாகவே வரிசையாகக் கற்கள் நின்றன. எல்லாவற்றிலும் யானை வாசனை. நடுக்கல்லில் நறுமுகனின் மணம் கமகமவென்று வீசியது.

“பார்த்தீர்களா? யானை வாசனை வரவில்லை?” என்றது துடியன்.

“வருகிறது. யானைச் சாணத்தின் வாசனை. யானை நடந்த வழியெல்லாம் சாணம் கிடக்கிறது, தம்பி. அள்ளிப் பூச யானை வர வேண்டுமா?”

“உங்களுக்கு எதிலும் ஒரு குறை! கல் இருக்கிறது, மணம் இருக்கிறது. இன்னும் என்னதான் வேண்டும்?”

“நான் இவரைப் பற்றி விசாரிக்க வந்தேன். எங்கே விசாரிப்பது என்பதையும் இவரே காட்டுகிறார். அப்படியானால் நான் யாரைக் கேட்டேன்? இவரைத்தானே திரும்பவும் கேட்டேன்?”

துடியன் தலையைச் சொறிந்தது. நறுமுகன் குரலைத் தாழ்த்தியது. “யோசியுங்கள் அக்கா. ஆனால் ஒன்றரை மடங்கு இன்று சாயங்காலத்தோடு முடிகிறது.”

“முடியட்டும். உங்கள் மணத்தை ஓர் இலையில் தடவிக் கொடுங்கள்.”

அதுவரை ஆடிக்கொண்டிருந்த நறுமுகனின் வால் நின்றது. ஆனால் வாசலில் நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க முடியவில்லை. இலையில் தடவிக் கொடுத்தது.

செம்பி குட்டிகளைக் கூட்டுக்குள் வைத்து இலையால் மூடிவிட்டு மலையேறியது. எல்லோரும் அறிந்த பழைய யானைத் தடத்தில். கீழே மூங்கில் காடு வைக்கோல் நிறத்தில் கிடந்தது. காற்று வரும்போதெல்லாம் அது முனகியது. அந்த முனகல் கேட்கக் கேட்கச் செம்பியின் கால்கள் விரைந்தன.

சுனைக்கரையில் கற்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. செம்பி இலையை மோந்தது, கல்லை மோந்தது, அடுத்த கல்லுக்குப் போனது. ஒன்றும் ஒத்துவரவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கல்லில் புனுகு மணத்தது! செம்பியின் நெஞ்சு துள்ளியது. நறுமுகன் நல்லவனாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஒன்றரை மடங்கு அரிசி என்றால் குட்டிகள் மழைக்காலம் முழுவதும் வயிறாரச் சாப்பிடலாம்.

அவ்வளவு ஆசையாக இருந்ததனாலேயே செம்பி இன்னொரு தடவை மோந்தது. கல்லின் மணத்தில் அத்திப்பழத்தின் சாடை இருந்தது. இலையில் அது இல்லை.

“என்ன தேடுகிறாய்?” என்றது ஒரு குரல். சுனையின் மறுகரையில் யானைக் கூட்டத்தின் தலைவி நின்றிருந்தது.

“இந்த இலைக்கு உரியவருடைய கல்லை, பெரியம்மா.”

யானை தும்பிக்கையை நீட்டி மோந்தது. “இவனுக்கு இங்கே கல் இல்லை.”

“அப்படியென்றால் இந்தக் கல்?”

“அது தென்மலை வேலப்பனுடையது. அவனும் புனுகுப்பூனைதான். அவனுக்குக் கொடுத்த அனுமதி ஏழு மலைக்கும் செல்லும். அவனைப் போல வால் உள்ளவர்களுக்கெல்லாம் செல்லாது.”

“கற்களைக் கீழே மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்களே?”

யானை சிரித்தது. சுனைத் தண்ணீர் குலுங்கியது. “மாற்றியிருந்தால் இத்தனை நாளாக நான் எதன்மேல் முதுகு சொறிகிறேன்?”

செம்பியும் சிரித்துவிட்டது. “கீழ்மலையில் வேலப்பனுக்கு ஆள் உண்டா?”

“உண்டு. ஓடைக்கு அக்கரையில், இத்திமரப் பொந்தில் ஒரு முள்ளம்பன்றி. வாசலில் மல்லிகை இருக்காது. ஒன்றரை மடங்கும் கிடைக்காது.”

“கொடுத்தது கிடைத்தால் போதும், பெரியம்மா.”

“நீ முன்னால் போ. நானும் இறங்கி வருகிறேன். எனக்கு இறங்க நேரமாகும்.”

செம்பி கிளைகள் வழியாகப் பறந்தது. நறுமுகனின் வாசலில் நின்றுகொண்டிருந்தவர்களிடம், “அரிசியைக் கொடுக்காதீர்கள்! சுனைக்கரையில் இவருக்குக் கல் இல்லை!” என்று கத்தியது. கொடுக்க வந்தவர்கள் தங்கள் அரிசியை அணைத்துக்கொண்டு விலகினார்கள். துடியன் மட்டும் உள்ளே ஓடியது.

“ஐயா, என் அரிசி!”

“தாராளமாகத் தருகிறேன் தம்பி. நாளைக் காலையில் வா” என்றது நறுமுகன்.

மறுநாள் காலையில் யானை வந்தபோது வளை காலியாகக் கிடந்தது. பின்பக்கம் ஒரு புதுச் சுரங்கம் ஓடை வரைக்கும் போயிற்று. வழியெல்லாம் உமி.

செம்பி தன் அரிசியை முள்ளம்பன்றியிடம் கொடுத்தது. அது அளந்தது, வேலப்பன் கொடுத்து வைத்திருந்த மணத்தைக் காதோரம் தடவியது, கொட்டாவி விட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு செம்பி மலை தாண்டியது.

மேல்மலையில் வேலப்பனின் ஆளாக ஒரு கிழ உடும்பு இருந்தது. செம்பியின் காதை மோந்ததும், “வேலப்பன்தான்” என்று சொல்லி அரிசியை அளந்து கொட்டியது. ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குட்டிகள் இரண்டும் அதன்மேல் விழுந்து புரண்டன.

அப்போது துடியன் வந்து சேர்ந்தது. அதற்கும் ஒரு நப்பாசை. உடும்பின் முன்னால் தன் காதை நீட்டியது.

உடும்பு மோந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தது.

“நல்ல மணம், தம்பி. யாருடையது?”

துடியன் நீட்டிய காதை மடக்கவும் தோன்றாமல் நின்றது. செம்பி தன் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதன் முன்னால் வைத்தது. வெளியே முதல் மழை தொடங்கியது.

நீதி: நம்பிக் கொடுக்கும் முன் விசாரி, விசாரிக்கும் இடத்தை அவர் காட்ட விடாதே, அனுமதி கொடுத்தவரிடம் நீயே நேரில் போய்க் கேள்.