நரி முன்கூட்டியே முடித்த தண்டனை

குளக்கரையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி ஒன்று முட்டையிட்டது. அது தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நரி வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

குருவி அலறிக்கொண்டு யானை ராஜாவிடம் பறந்தது.

"தப்பு செய்தவன் ஒரு பகல் முழுக்கக் குளத்துப் பாசியை அள்ள வேண்டும். அதுதான் என் சட்டம்!" என்றது யானை.

நரி பாசி அள்ளியது. குருவி மறுபடி முட்டையிட்டது. நரி மறுபடி தின்றது, மறுபடி பாசி அள்ளியது.

"இது திருந்தாத ஜென்மம், ராஜா! தண்டனையைக் கூட்டுங்கள்!" என்று குருவி கெஞ்சியது.

"முதல் தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் ஒரே தண்டனைதான். என்னைப் போல் நடுநிலை தவறாத ராஜா வேறு எந்தக் காட்டில் உண்டு?" என்று யானை காதை விசிறிக்கொண்டது. அவ்வளவு பெரிய தலையை வைத்துக்கொண்டு அதற்கு இவ்வளவுதான் யோசிக்கத் தெரிந்தது.

குருவி மூன்றாம் முறை முட்டையிட்டது. மழைக்காலம் நெருங்கிவிட்டது. இதுவும் போனால் அந்த வருஷம் அதற்குக் குஞ்சே கிடையாது.

அன்று காலையிலேயே நரி குளத்தில் பாசி அள்ளிக்கொண்டிருந்தது.

"இப்போது என்னடா தப்பு செய்தாய்?" என்று யானை கேட்டது.

"இன்னும் செய்யவில்லை, ராஜா! நாளைக்குத்தான் முட்டை தின்னப் போகிறேன். தண்டனையை இன்றைக்கே முடித்துவிட்டால் உங்களுக்கு விசாரிக்கிற அலைச்சல் இல்லை, பாருங்கள்!"

"அடடா! எவ்வளவு பொறுப்பான பிரஜை!" யானைக்குப் புல்லரித்துவிட்டது.

குருவி இதைக் கேட்டது. நேரே குளத்தில் இறங்கி, நரிக்குப் பக்கத்திலேயே அலகால் பாசியை இழுக்கத் தொடங்கியது.

"நீ எதற்கு அள்ளுகிறாய்?" என்று யானை கேட்டது.

"நானும் முன்கூட்டியே முடிக்கிறேன், ராஜா! நாளைக்கு நீங்கள் தூங்கும்போது உங்கள் தும்பிக்கைக்குள் கட்டெறும்பு விடப் போகிறேன். மறுநாளும் விடுவேன். அதற்கு அடுத்த நாளும் விடுவேன். எத்தனை தடவை விட்டாலும் பாசி அள்ளினால் போதுமே!"

யானை சட்டென்று தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டது. ஊரார் முட்டை போனபோது வராத அறிவு, தன் மூக்கு என்றதும் ஓடோடி வந்துவிட்டது.

"சட்டம் மாறியது! இரண்டாவது தடவை என்றால் ஒரு மாதம் பாசி! மூன்றாவது தடவை என்றால் காட்டை விட்டே வெளியே! நரியே, உனக்கு அடுத்தது மூன்றாவது!"

நரி கணக்குப் போட்டுப் பார்த்தது. நாலு முட்டைக்காகக் காட்டையே இழப்பது அதற்குக் கட்டுப்படியாகவில்லை. கையிலிருந்த பாசியை உதறிவிட்டு நடையைக் கட்டியது.

குருவியின் முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் கூழாங்கற்களுக்கு நடுவே ஓடி விளையாடின. சட்டத்தைத் திருத்தியது தன் ஞானம்தான் என்று யானை இன்றும் பீற்றிக்கொள்கிறது.

எத்தனை முறை தப்பு செய்தாலும் தண்டனை ஏறாது என்றால், கெட்டவன் அதை விலையாக நினைத்துக் கொடுத்துவிட்டுத் தப்பைத் தொடர்ந்து செய்வான்.