பொடுதலை படுத்துக்கொண்ட கல்யாணம்

செடிகொடிகள் வாய் திறந்து பேச, மனிதர்களும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன அந்தக் காலத்தில், பொடுதலை தரையில் கிடக்கிற செடி இல்லை. தென்னை மர உயரத்துக்கு வளர்ந்து நின்றது. ஆனால் பருமன் மட்டும் சுண்டுவிரல் அளவுதான். இடுப்பில் வலுவே கிடையாது. எப்போதும் எதன்மேலாவது சாய்ந்துகொண்டுதான் நிற்க வேண்டும்.

முருங்கைமேல் சாய்ந்தால், "நானே எப்ப ஒடிவேன்னு நிக்கேன், நீ வேற வந்துட்டியா?" என்று முருங்கை கத்தும். வாழைமேல் சாய்ந்தால், இலையைக் கிழித்துவிட்டாய் என்று சண்டைக்கு வரும். ஊரெல்லாம் துரத்திவிட்ட பிறகு, அது மலையடிவாரத்தில் இருந்த மாடத்தியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"அக்கா, உங்க வீட்டுச் சுவரு சும்மாதான நிக்கு? கொஞ்சம் சாஞ்சுக்கிடட்டுமா?"

"சாஞ்சுக்கோ. கூரையப் பிரிச்சிராத" என்றாள் மாடத்தி.

அவள் புருஷன் பேச்சிமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. வாசலில் பச்சையாக எது முளைத்தாலும் அவருக்கு ஆகாது. காலையில் பல் விளக்குவதற்கு முன்பே களைக்கொத்தோடு உட்கார்ந்துவிடுவார். மகள் செண்பகவல்லிக்கு ஆனி மாதத்தில் கல்யாணம் என்று முடிவானதும் அவர் கைக்கு வேகம் கூடிவிட்டது. ஏழு நாள் செதுக்கினார். அருகம்புல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாசல் மொட்டையடித்த தலைபோல ஆனது.

"மாப்பிள வீட்டுக்காரவ பாத்தா அசந்துபோவாவ" என்று சொல்லிக்கொண்டார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். தாலி கட்டுவதற்கு முன் அவர்களுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். வாசலில் பந்தி விரித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை உலகம்மாள் முதல் இலையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

அப்போது மலையிலிருந்து ஆனிக் காற்று இறங்கியது. பிடித்து நிறுத்த ஒரு புல்கூட இல்லாத வாசலில் இருந்த புழுதியெல்லாம் எழுந்து பந்திக்கு வந்தது.

உலகம்மாள் ஒரு வாய் வைத்தாள். நறநறவென்றது. "மதினி, இது என்ன பொரியல்?"

"அவரைக்காய் மதினி" என்றாள் மாடத்தி.

"அவரைக்காயா? ஆத்து மணலப் பொரிச்ச மாதிரில்லா இருக்கு!"

பேச்சிமுத்து ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தார். அது சேறாகி மாப்பிள்ளையின் வேட்டியில் தெறித்தது. பாய் விரித்துப் பார்த்தார். காற்று பாயைத் தூக்கிக்கொண்டுபோய் மேளக்காரர் முகத்தில் ஒட்டியது. அடுத்த வீச்சில் பாயசம் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது.

உலகம்மாள் இலையை மடித்துவிட்டு எழுந்தாள். "ஏலே, வண்டியப் பூட்டுங்க. பெண்ணெடுக்க வந்த வீட்டுலயே சோத்துல மண்ணு விழுந்தாச்சு. இனி என்ன கல்யாணம்?"

உள்ளே செண்பகவல்லி அழுகிற சத்தம் கேட்டது. பேச்சிமுத்து களைக்கொத்தைப் பார்த்தபடி நின்றார்.

சுவரில் சாய்ந்திருந்த பொடுதலை மெதுவாகக் கூப்பிட்டது. "அக்கா, நான் வாசல்ல படுத்துக்கிடட்டுமா?"

"பைத்தியமா உனக்கு? இருநூறு பேரு மிதிப்பாவ. செத்துப்போயிருவ!"

"எல்லாரும் விரட்டினாவ. நீங்க ஒருத்தருதான் போன்னு சொல்லல" என்றது பொடுதலை. அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் சுவரை விட்டுவிட்டுச் சரிந்து, கிளைகளையெல்லாம் விரித்து வாசல் முழுக்கப் படுத்துவிட்டது.

மறுபடி காற்று வந்தது. இலைகள் சலசலத்தன. ஒரு பொட்டுப் புழுதி எழவில்லை.

வண்டியில் ஒரு காலை வைத்திருந்த உலகம்மாள் இறங்கி வந்தாள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தே பார்த்தாள். "மெத்து மெத்துன்னு இருக்கே! எங்க வீட்டுக் கட்டில்கூட இப்படிக் கிடையாது. இலையப் போடுங்க."

பந்தி மறுபடி தொடங்கியது. இருநூறு பேரும் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். "அம்மா!" "மெல்ல!" "பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அது என் இடுப்பு!" என்று பொடுதலை கத்திக்கொண்டே இருந்தது. மிதி விழுந்த ஒவ்வொரு கணுவும் மண்ணுக்குள் அழுந்தியது.

கெட்டிமேளம் கேட்டதும் அதற்குத் தாலி கட்டுவதைப் பார்க்க ஆசை வந்தது. உடம்பை அசைக்க முடியவில்லை. கணுவுக்குக் கணு மெல்லிய கழுத்து ஒன்றை நீட்டி, பொடிப் பொடித் தலைகளாகத் தூக்கிப் பார்த்தது. தாலி ஏறியது. மாடத்தியைவிட அதுதான் அதிகம் அழுதது.

எல்லாம் முடிந்ததும் மாடத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "போதும்டி தங்கச்சி, எந்திரி."

எழ முடியவில்லை. அழுந்திய இடமெல்லாம் வேர் இறங்கியிருந்தது. பேச்சிமுத்து மண்வெட்டியோடு ஓடிவந்தார். "நெம்பி எடுத்துவிடட்டுமா?"

"வேண்டாம் அத்தான்" என்றது பொடுதலை. "படுத்துப் பாத்த பெறகுதான் தெரியுது. இத்தன காலமா எதுக்குத்தான் நின்னேனோ!"

மறுவாரம் கோரைப்புல் வந்து வேலியோரம் நின்று, "இங்க இடம் இருக்கா?" என்று கேட்டது. "ஒரு விரல் அளவுகூட இல்ல, வேற வீடு பாரு" என்று பொடுதலை படுத்தபடியே சொல்லி அனுப்பியது. அதைக் கேட்ட பேச்சிமுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக வெயில் ஏறும்வரை தூங்கினார்.

மறுவீட்டுக்கு வந்த உலகம்மாள், "எங்க வாசலுக்கும் கொஞ்சம் வேணுமே, எப்படி வளக்கது?" என்று கேட்டாள்.

"கணுவோட கிள்ளி, சாணுக்கு ஒண்ணா ஊனி வையுங்க" என்றது பொடுதலை. "வேரு பிடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. பெறகு என்னய மறந்துரலாம். அப்பப்ப மிதிச்சாப் போதும்."

அந்த ஆனி மாதத்திலிருந்துதான் பொடுதலை, யார் மிதித்தாலும் சாகாமல், கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையை மூடிக் கிடக்கிறது. பொடிப் பூத்தலைகளை மட்டும் தூக்கி, போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்க்கிறது.