இடது சக்கரத்தின் மரை

ஏலத்தில் பழைய ராணுவ லாரியை எடுத்த நாள் முதல் எஸ்டேட் மேனேஜர் சச்சிதானந்தம் காக்கித் தொப்பியோடுதான் திரிந்தார். பட்டாளத்தை அவர் படத்தில்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

அந்த லாரியின் இடது முன்சக்கரம் நட்டுகள் கழன்று ஆடியதில் சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் ஹப் சிதைந்தது. மெக்கானிக் அமலோற்பவம் அகன்றுபோன துளைகளை அடைத்துக் கடைந்து, போல்ட்டுகளை மாற்றி, சக்கரத்தை மாட்டி முடித்தாள். மேனேஜர் ஒரு தாளை நீட்டினார்.

“நட்டைச் சரியா இறுக்காதது என் தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா வேலையும் இல்லை, வீடும் இல்லை. போன தடவை நீ மாட்டினப்பவே உன்னை நம்பாம நானே மறுபடி இறுக்கினேன். அப்பவும் கழண்டிருக்குன்னா உன் லட்சணம் அப்படி!”

“போடுறேங்க ஐயா. எப்படி இறுக்கணும்னு ஒரு தரம் காட்டிடுங்க, அதையும் சேர்த்து எழுதிடுறேன்.”

ஷெட்டே வேடிக்கை பார்க்க, அவர் ஸ்பானரை மாட்டி, தம் கட்டி வலப்பக்கமாக அழுத்தினார். மூன்றாவது அழுத்தலில் நட்டு இளகியது. பிறகு அவர் கையோடு வந்தது.

“இந்தப் பட்டாள வண்டிக்கு இடது சக்கரத்துல மரை எதிர்ப்பக்கமா ஓடும்ங்க. நீங்க இன்னும் கொஞ்சம் இறுக்கினா சக்கரமே கையில வந்துடும்.”

சிரித்தவர்களை அவர் தேடவில்லை. மரியாதைக் குறைவு என்று காரணம் எழுதி, அவளை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்.

சாயங்காலம் அவள் பெட்டியோடு பேருந்துக்குக் காத்திருந்தபோது அதே லாரி வளைவில் வந்தது. ஓட்டியவர் தொப்பிக்காரரே. கழன்ற நட்டை மறுபடி இறுக்கியது யார் என்று அவள் கேட்கவில்லை. சாலையை விட்டு நாலடி தள்ளி நின்றாள்.