வாய்க்காலில் வந்த கோப்பை

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபது. வேறு ஊராக இருந்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். இது சுவாமிமலைக்குப் பக்கத்து ஊர். அப்பனுக்குப் பிள்ளை பாடம் சொன்ன மண் என்பதால் யாரும் சிரிக்கவில்லை.

குருவின் பெயர் மீனலோசனி. அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியை. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடிலும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கீழை இலக்கியம் நடத்துவார். சீனா, ஜப்பான், பாரசீகம், நம் ஊர் எல்லாம் அந்த வகுப்புக்குள் வந்து போகும். பரீட்சை கிடையாது, மார்க்கும் கிடையாது. ஆனாலும் மணி அடித்த பிறகு பிள்ளைகளை விரட்டித்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

சீடர் முனைவர் அறவாழி. பல்கலைக்கழகத்தில் காலமெல்லாம் சீனக் கவிதையைக் கரைத்துக் குடித்தவர். ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டார். மீனலோசனிக்கு அப்போது ஏழாம் மாதம். அவர் பேறுகால விடுப்பில் போனால் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தக் கற்றுக்கொடுங்கள் என்று அறவாழி தாமாகவே வந்து நின்றார்.

பள்ளியின் செயலாளர் கோதண்டபாணி மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாதவர்.

"ஐயா, உங்க படிப்பு மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா பெத்தவங்க நுழைவுத் தேர்வுப் பயிற்சி கேட்டு நச்சரிக்கறாங்க. நீங்க ஒரு வாரம் நடத்துங்க. அடுத்த வாரம் நானே வந்து பாக்கறேன். பசங்க தூங்கினாங்கன்னா ரெண்டு பீரியடும் பயிற்சிக்குப் போயிடும்."

"தூங்க மாட்டாங்க" என்றார் அறவாழி.

தூங்கினார்கள்.

அவர் எடுத்தது அவர் உயிரையே வைத்திருந்த பாடம். பழைய சீனத்தில் வசந்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வளைந்து ஓடும் ஓடையின் இரு கரையிலும் கவிஞர்கள் உட்காருவார்கள். மேலே இருந்து மதுக் கோப்பையை மிதக்க விடுவார்கள். அது யார் எதிரே நிற்கிறதோ அவர் உடனே கவிதை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குடிக்க வேண்டும், அதுதான் தண்டனை. இதை அவர் ஆண்டுக் கணக்கோடு, அரச பரம்பரையோடு, கரும்பலகையில் வரைபடம் போட்டு விளக்கினார். நடுவில் ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் ஏதோ பார்த்துக் கூச்சல் போட்டார்கள். "அமைதி" என்று அதட்டிவிட்டு மேலே போனார். கடைசியில் அந்த ஓடையைப் பற்றிய கவிதை ஒன்றைக் கொடுத்து, நயம் பாராட்டி எழுதச் சொன்னார்.

தமிழ்ப் பாடத்தில் வழக்கமாக எழுதுவது போலவே எழுதிக் கொடுத்தார்கள். மையக் கருத்து, அணி நயம், எதுகை, மோனை. அத்தனை பேர் தாளிலும் ஒரே வாக்கியம்: 'இக்கவிதையில் எதுகையும் மோனையும் சிறப்பாகப் பயின்று வந்துள்ளன.'

அது அறவாழியே வெறும் உரைநடையில் பெயர்த்த கவிதை. எதுகையும் மோனையும் அதில் மருந்துக்குக்கூடக் கிடையாது.

முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலம் ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தபோது அது போய்விட்டிருந்தது.

"இந்த வகுப்பு என்னால போயிடக் கூடாதும்மா" என்றார்.

மீனலோசனி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "அந்த ஓடை எங்க இருக்குன்னு சொன்னீங்க ஐயா?"

"கிழக்குச் சீனாவுல. மலையடிவாரம். வரைபடமே போட்டேனே."

"ஓகோ."

"அதை இவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கறது? நீங்கதான் சொல்லணும்."

மீனலோசனி ஒரு வாய் குடித்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டி கட்டிக்கிட்டு வாங்க. பேன்ட் நனைஞ்சா சீக்கிரம் காயாது."

"நான் எதையாவது படிச்சிட்டு வரணுமா?"

"வேணாம். வீட்டுல கொட்டாங்குச்சி இருந்தா எடுத்துட்டு வாங்க. உள்ளே நல்லா சுரண்டினதா."

உயிரே போகிற நேரத்தில் கொட்டாங்குச்சி கேட்கிறாரே என்று அறவாழிக்குச் சுள்ளென்றது. ஆனாலும் குரு என்று ஏற்றாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சுரண்ட ஆரம்பித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பறை காலியாக இருந்தது. பள்ளிக்குப் பின்புறம் வாய்க்கால். மேட்டூரில் திறந்த தண்ணீர் போன வாரம்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தது. பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கூச்சல் போட்டது அதைத்தான். வாய்க்கால் புல்லும் கோரையுமாக வளைந்து வளைந்து போயிற்று. இரு கரையிலும் பிள்ளைகள் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மீனலோசனி மேலே மதகுக் கட்டையில் வயிற்றைத் தாங்கியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குடம் பானகம். பள்ளிக்கூடமாச்சே, மதுவுக்கு எங்கே போவது!

கோதண்டபாணி வந்தார். மழமழவென்ற ஷூ. சேறு படாமல் கரை மேலே நின்றுகொண்டார்.

"என்ன டீச்சர், பிக்னிக்கா?"

"வகுப்புதான் சார்."

அறவாழி வேட்டியை மடித்துக் கட்டிப் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். செயலாளர் காதில் விழட்டும் என்று தொண்டையைச் செருமினார். "இந்த வழக்கம் எப்போ தோன்றியதுன்னா..."

"இன்னும் இல்ல ஐயா" என்றார் மீனலோசனி.

பானகத்தைக் கொட்டாங்குச்சியில் பாதிக்கு ஊற்றித் தண்ணீரில் விட்டார். "யார் முன்னால நிக்குதோ அவங்க ஒரு வரி சொல்லுங்க. கண்ணால பாத்தது மட்டும். இல்லன்னா குடிச்சிடணும்."

முதல் கோப்பை இர்ஃபான் முன்னால் நின்றது. அவன் யோசிக்கவே இல்லை, எடுத்து மடக்கென்று குடித்தான். இரண்டாவது நின்ற இடத்திலும் அதே கதை. வெயிலுக்குப் பானகம் கசக்குமா? ஒரே சிரிப்பு. கோதண்டபாணி கடிகாரத்தைப் பார்த்தார். அறவாழி அதைக் கவனித்தார். மீனலோசனி முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. இன்னொரு கோப்பையை விட்டார்.

அது கோரையில் தட்டி, சுழன்று, சுபாஷிணி முன்னால் நின்றது. வகுப்பில் வாயைத் திறக்காத பெண். கோப்பையை எடுக்கக் கை நீட்டினாள். அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"தண்ணி வந்த அன்னிக்கு எங்கப்பா செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு."

யாரும் சிரிக்கவில்லை.

அதுவரை கேட்காத தண்ணீரின் சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. கோப்பை தானாக அங்கிருந்து நழுவிப் போயிற்று. கொஞ்சம் தள்ளி ஒரு பையன் முன்னால் நின்றது. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"போன வருஷம் இதே வாய்க்கால்ல கிரிக்கெட் ஆடினோம்."

எதிர்க் கரையில் இர்ஃபான் தன் முறை இல்லாமலே சொன்னான். "ஸ்டம்ப் நட்ட குழிக்குள்ள இப்ப மீன் இருக்கு."

அறவாழி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொள்வது. இதைப் பற்றி அவர் கட்டுரை எழுதியிருக்கிறார், மாநாடுகளில் பேசியிருக்கிறார். நடக்கும்போது பார்த்ததில்லை. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு அந்தப் பக்கம் ஓடிய ஓடை, அவர் கணுக்காலைத் தொட்டுக்கொண்டு போயிற்று. பரவசம் தாங்காமல் வாயைத் திறந்தார்.

"பிள்ளைகளே, இதைத்தான் அங்கே..."

"இன்னும் இல்ல ஐயா."

கோப்பைகள் வந்துகொண்டே இருந்தன. பாதிப் பேர் சொன்னார்கள். பாதிப் பேர் குடித்தார்கள். சொன்னதெல்லாம் உசத்தி என்று சொல்ல முடியாது. ஆனால் குடித்தவர்களும் இப்போது நிதானமாக, தோற்றவர்களைப் போலக் குடித்தார்கள்.

கடைசிக் கோப்பை இரண்டு வளைவு தாண்டி வந்தது. யாரிடமும் நிற்கவில்லை. நேரே அறவாழி முன்னால் வந்து புல்லில் ஒதுங்கியது.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் நினைவில் ஆயிரம் வரிகள் இருந்தன. மனசுக்குள் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்ததெல்லாம் யாரோ, எங்கோ, என்றோ கண்டது. கண்ணால் பார்த்தது மட்டும் என்று சொல்லியிருக்கிறது. எதிரே தண்ணீர் ஓடியது. அதன் அழகிலேயே கண் நின்றுவிட்டது. ஒரு சொல் வரவில்லை.

கோப்பையை இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தார். வெல்லமும் சுக்கும் நெஞ்சுக்குள் இறங்கின. கண் கலங்கிவிட்டது. சுக்கின் காரம் என்று நினைத்தவர்கள் நினைக்கட்டும்.

மணி அடித்தது. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை.

அறவாழி மெதுவாக மதகருகே போனார். "தோத்துட்டேம்மா. ஒரு வரி வரல. இவங்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்கப் போறேன்? படிச்சதெல்லாம் வீண்தானா?"

மீனலோசனி கரையைப் பார்த்தார். அறவாழியும் திரும்பினார்.

கோதண்டபாணி கரைச் சரிவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இந்த வாய்க்கால் பாயும் நிலம்தான். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, கால் இரண்டையும் தண்ணீரில் விட்டிருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"டீச்சர், அடுத்த வெள்ளிக்கிழமையும் இங்கதானா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"அதை ஐயாவைத்தான் கேக்கணும் சார்."

அதற்குள் சுபாஷிணி தண்ணீரிலேயே நடந்து வந்துவிட்டாள். பின்னால் இர்ஃபானும் இன்னும் சிலரும். பாவாடை ஓரமெல்லாம் நனைந்திருந்தது. அவள் அறவாழியை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"அந்தக் காலத்துல அங்க உக்காந்திருந்தாங்களே, அவங்கள்ல யாராவது உங்கள மாதிரி ஒண்ணுமே சொல்ல முடியாம குடிச்சாங்களா?"

அறவாழி திகைத்துப் போனார். குடித்தவர்கள் உண்டு. நல்ல கவிஞர்களே பல பேர் அப்படி ஒரு கூட்டத்தில் வாயடைத்துப் போய்க் குடித்தார்கள் என்று குறிப்பு இருக்கிறது. எத்தனையோ முறை அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, பாடியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறார். அவர்கள் அங்கே என்னத்தைப் பார்த்தார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது அவருக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் ஈரக் காலோடு அவரைச் சுற்றி நின்றார்கள். கரையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார். பழக்க தோஷம், மதகுப் பக்கம் திரும்பி குருவின் முகத்தைப் பார்த்தார்.

மீனலோசனி காலி கொட்டாங்குச்சியைத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தார்.

"இப்ப சொல்லுங்க, ஐயா."