தளவாய் சாய்த்த நடு ஸ்டம்ப்

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் இன்று ராத்திரியே என் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். மிச்சமிருப்பது மூன்றுதான். இருந்தாலும் பல் பல்தானே?

கொம்பங்குளம் டென்னிஸ்பால் கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் ஐகோர்ட்டு என்பவன். அவன் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நுனிக்கு ஒன்றாக இரண்டு கிளிகள் அதில் உட்கார்ந்து பழம் தின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட மீசையை ஊர் நடுவே பணயம் வைத்துவிட்டான்: "இந்த வருசம் கோப்பை வராட்டி வழிச்சுப் போட்டுருதேன்."

கோப்பைக்கு ஒரு பௌலர் வேண்டும். அந்த வட்டாரத்தில் பௌலர் என்றால் பக்கத்து ஊர் செவல்விளைத் தளவாய்தான். அவன் ஓடி வந்தால் அம்பயர் தொப்பியைப் பிடித்துக்கொள்வார். அவன் பெயர்த்த ஸ்டம்ப் ஒன்று வாழைத்தோட்டத்தைத் தாண்டிக் கிணற்றில் விழுந்து, மறுநாள் மோட்டாரில் சிக்கியது.

அவனைச் சும்மா கொடுப்பார்களா? செவல்விளை அணியில் பாதிப் பேருக்குத் தொந்தி விழுந்துவிட்டது. "முளைச்சு வர்ற பயலுவள்ல ரெண்டு பேரக் கொடு, தளவாயக் கூட்டிட்டுப் போ" என்றார்கள். ஐகோர்ட்டு கொடுத்தான். அதில் ஒருவன் அவன் சொந்தத் தங்கை மகன் பலவேசம்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

"கேக்க என்னலே இருக்கு? இனிமே செவல்விளைதான் உனக்கு ஊரு. போய் ஆடு."

பையன் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான். மாமன் சொன்ன அந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள்.

தளவாயும் வெறுங்கையோடு வரவில்லை. செவல்விளை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சப்பரத்துக்கு வருசா வருசம் முதல் தோள் கொடுப்பவன் அவன். புறப்படும் முன் ஊரார் அவனைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான்: "நம்ம ஊர்க்காரன் நிக்கிற ஸ்டம்ப்ப என் பந்து சாய்க்காது. சாய்ச்சா, கொடைக்குக்கூட இந்த வாசல மிதிக்க மாட்டேன்."

அதை ஐகோர்ட்டிடமும் மறைக்கவில்லை. "கேட்ச்சுல எடுப்பேன், ரன் அவுட்டுல எடுப்பேன். ஸ்டம்ப்ப மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி."

"அதுக்கென்னலே" என்றான் ஐகோர்ட்டு. தளவாய் இல்லாத செவல்விளை முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டிவிடும் என்பது அவன் எண்ணம்.

மூட்டை கட்டவில்லை. அவன் கொடுத்த இரண்டு பையன்களும் அடித்த அடியில் செவல்விளை இறுதி ஆட்டத்தில் வந்து நின்றது. அதுவும் கொம்பங்குளத்துக்கு எதிரே.

செவல்விளை துரத்தி ஆடியது. தளவாய் சொன்ன சொல் தவறவில்லை. அவன் பந்தெல்லாம் ஸ்டம்ப்புக்கு வெளியிலேயே போய், மட்டை விளிம்பில் பட்டுக் கேட்ச்சாக இறங்கின. ஐகோர்ட்டு கொடுத்த இருவரில் இன்னொரு பையன் தளவாய் பந்தைப் பார்ப்பதற்கு முன்பே ரன் அவுட். கடைசி ஓவரில் இரண்டு பந்து பாக்கி, ஒரு விக்கெட் பாக்கி, மூன்று ரன் வேண்டும். மட்டையோடு நிற்பவன் செவல்விளைக் கேப்டன் நயினார், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். மறுமுனையில் பலவேசம்.

நயினார் குருட்டடி அடிப்பவன். நேராக ஒரு பந்து, ஒரே ஒரு பந்து போட்டால் முடிந்தது! ஐகோர்ட்டின் கை தானாக மீசைக்குப் போனது.

தளவாய் ஓடி வந்தான். பந்தோ காலடியில் தாழ்வாக, தட்டிவிட மட்டும் தோதாக வந்தது. மறுமுனையில் பலவேசம் இருக்கும் தைரியத்தில் நயினார் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினான்.

"வித்துட்டான்டோய்!" என்று கூட்டம் கத்தியது. ஐகோர்ட்டு பாய்ந்து வந்து பந்தைப் பிடுங்கப் பார்த்தான். "ஏலே, பொறந்த ஊருக்கு விட்டுக் கொடுத்துட்டியா?"

தளவாய் பந்தை விடவில்லை. "அண்ணாச்சி, இப்ப மட்டை பிடிக்கிறது யாருன்னு பாருங்க."

பார்த்தான். தங்கை மகன். செவல்விளையில் பிறக்காதவன். மீசை நிமிர்ந்தது, தலை குனிந்தது. கையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான்.

ஒரு பந்து, இரண்டு ரன். பலவேசம் மாமனை ஒரு தடவை பார்த்தான். அதன்பிறகு பந்தை மட்டுமே பார்த்தான். மட்டை நேராகத்தான் இறங்கியது. அதற்குள் பந்து அடியில் புகுந்துவிட்டது. நடு ஸ்டம்ப் எகிறிப் பறந்து, பந்தலில் மைக் பிடித்திருந்தவர் மடியில் போய் உட்கார்ந்தது.

கொம்பங்குளம் ஒரே ரன்னில் ஜெயித்தது. கோப்பையைத் தூக்குவதற்குள் நயினார் தளவாயின் சட்டையைப் பிடித்தான்.

"சத்தியம் என்னாச்சுலே? கைமாத்துன அன்னைக்கே அவன் எங்க ஊர்க்காரன். அவன் ஸ்டம்ப்ப சாய்ச்சிட்டே. இனி கொடைப் பக்கம் வந்துராதே!"

"அவன் என் தங்கச்சி பிள்ளைவே! கொம்பங்குளத்து ரத்தம்!" என்று குறுக்கே விழுந்தான் ஐகோர்ட்டு.

"இல்ல மாமா" என்றான் பலவேசம். "செவல்விளைதான் உனக்கு ஊருன்னு நீங்கதான சொன்னீங்க."

தளவாய் முகம் வெளுத்துப்போனது.

இப்போது சொல்லுங்கள். தளவாய் சத்தியத்தை மீறினானா, இல்லையா?

மீறவில்லை. கைமாறினாலும் ஊர் மாறாது என்றால், பலவேசம் கொம்பங்குளத்துக்காரன். அவன் ஸ்டம்ப்பைச் சாய்த்ததில் குற்றமில்லை. கைமாறினால் ஊரும் மாறும் என்றால், அதே நாளில் தளவாய்க்கும் அல்லவா மாறியது? அவனுக்கு 'நம்ம ஊர்' அன்றைக்குக் கொம்பங்குளம். செவல்விளை ஸ்டம்ப் அத்தனையையும் பிடுங்கி அடுப்பெரித்திருந்தாலும் அம்மன் கோபித்திருக்க மாட்டாள். பையனுக்கு ஒரு நியாயம், தளவாய்க்கு ஒரு நியாயம் என்று நயினார் கேட்க முடியாது. இதை அங்கே எடுத்துச் சொன்னதும் பலவேசம்தான். சொல்லிவிட்டு மாமன் கூப்பிடக் கூப்பிடச் செவல்விளை வேனில் ஏறிக்கொண்டான். அந்த வருசக் கொடையில் சப்பரத்துக்கு முதல் தோள் தளவாய், இரண்டாவது தோள் பலவேசம்.

கோப்பை வந்தும் ஐகோர்ட்டு தன் மீசையைத் தானே வழித்துக்கொண்டான். ஏன் என்று கேட்டவர்களை இன்றைக்கும் துரத்தி அடிக்கிறான். ஆகவே இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். மூன்று பல்லாவது மிஞ்சட்டும்.