தன் காலில் கட்டிப் பார்த்த தேவாங்கு

ஒரு காட்டில், ஆற்றங்கரை நாவல் மரத்தடியில், நோயாளிகளைக் கவனிக்கச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் ஒன்று நடந்து வந்தது, பிள்ளைகளா. டீச்சர் ஒரு கொக்கு. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. தலையில் இலவம்பஞ்சுத் தொப்பி. படித்துத் தேறியவர்களுக்கும் அதே மாதிரி ஒரு தொப்பி கிடைக்கும்.

அந்த வருஷம் மூன்று பேர் படித்தார்கள். கிளிக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், அப்படியே ஒப்பிக்கும். கீரிக்குக் கண்ணால் பார்த்தால் போதும், அச்சு அசலாகச் செய்யும். தேவாங்குக்கு இரண்டும் வராது. எதையும் தன் உடம்பில் செய்து பார்த்தால்தான் அதற்கு மண்டையில் ஏறும்.

உடைந்த காலுக்குக் கட்டுப் போடும் பாடம் வந்தது. கொக்கு ஒரு வாழைத்தண்டைக் கிடத்தி, "இதுதான் நோயாளி. கட்டுங்க" என்றது.

கிளியும் கீரியும் தண்டில் கட்டிப் பழகின. தேவாங்கு மட்டும் ஓரமாக உட்கார்ந்து, தன் காலிலேயே மூங்கில் பத்தையை வைத்து வாழைநாரைச் சுற்றியது. அவிழ்த்தது. மறுபடி சுற்றியது.

"நோயாளி யாரு, நீயா?" என்று கேட்டுக் கீரி சிரித்தது.

"பாவம், தினமும் அதுக்குக் காலு ஒடியுது" என்றது கிளி.

"என் காலுல கட்டிப் பார்த்தாத்தான் எனக்குப் புரியுது. என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றது தேவாங்கு.

பரீட்சை வந்தது. ஓட்டைக் குடுவையில் ஊற்றிய தண்ணீர் வடிவதற்குள் கட்டுப் போட்டு முடிக்க வேண்டும். கிளி பாடத்தைச் சொல்லிக்கொண்டே முடித்தது. கீரி பாதித் தண்ணீரிலேயே முடித்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டது. தேவாங்கு, பழக்கம் விடுமா, முதலில் தன் காலில் கட்டி, அவிழ்த்து, அப்புறம்தான் தண்டுக்கு வந்தது. இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் குடுவை காலி.

"இதோட மூணு தடவை தோத்தாச்சு" என்றது கொக்கு. "நீ நல்ல பிள்ளைதான். ஆனா இந்தப் படிப்பு உனக்கு ஒத்துவராது. காலையில வீட்டுக்குப் புறப்படு."

"டீச்சர், என் தங்கச்சி கிளையிலிருந்து விழுந்தப்போ காலைத் தாங்கிப் பிடிக்கக்கூட ஆளில்ல. இன்னும் நொண்டித்தான் நடக்கிறா. அதுக்காகத்தான் வந்தேன்."

கொக்கு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் காலை தேவாங்கு மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சொல்லிக்கொண்டு போக வந்தது. வந்து பார்த்தால், கொக்கு பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து கிடக்கிறது. குச்சி போன்ற கால் ஒடிந்து தொங்குகிறது.

கீரி ஓடி வந்து மளமளவென்று கட்டியது. கிளி பக்கத்தில் நின்று பாடத்தை வரி தப்பாமல் சொன்னது. கட்டு பார்க்க அத்தனை அழகு.

"எப்படி டீச்சர்?" என்று கேட்டது கீரி.

"நல்லாத்தான் கட்டியிருக்கே" என்று முனகிவிட்டுக் கொக்கு கண்ணை மூடிக்கொண்டது.

தேவாங்கு மெல்ல நகர்ந்து வந்து கொக்கின் கால்விரல்களைத் தொட்டது. சில்லென்று இருந்தன.

"ரத்தம் ஓடல. அவிழ்க்கணும்."

"தண்டுல இப்படித்தானே கட்டினேன்? முழு மார்க் போட்டாங்களே" என்றது கீரி.

"தண்டு வாயைத் திறந்து வலிக்குதுன்னு சொல்லாதில்ல" என்றது தேவாங்கு. "மூட்டுக்குக் கீழே மூணாவது சுத்து வரும்போது சுள்ளுனு கடுக்கும். அங்க பஞ்சு வைக்கணும். கிளி, காலை எப்படித் தாங்கணும்னு பாடத்துல வருமே, அது எனக்கு மறந்துபோச்சு. நீ சொல்லு. கீரி, நீ ஆடாம பிடிச்சுக்கோ."

கிளி சொன்னது. கீரி பிடித்துக்கொண்டது. தேவாங்கு மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒவ்வொரு சுற்றுக்கும் கொக்கின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கட்டி முடித்தது. குடுவையை யாரும் தேடவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல்களில் சூடு திரும்பியது.

"அந்த இடம் கடுக்கும்னு நான் சொல்லித்தரலையே. யாரு சொன்னது?" என்று கேட்டது கொக்கு.

"என் காலுதான் டீச்சர் சொல்லிச்சு."

கொக்கு தன் தொப்பியைக் கழற்றித் தேவாங்கின் தலையில் வைத்தது. அளவு பெரிசு, மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது.

"எங்கே புறப்பட்டே? மூட்டையைக் கீழே வை" என்றது.

கீரி போய், வாழைத்தண்டை உருட்டி ஆற்றில் தள்ளியது. திரும்பி வந்து கிளிக்கு முன்னால் தன் காலை நீட்டியது.

"கட்டு."

கிளி மூன்றாவது சுற்றுக்கு வந்தது.

"மெதுவா, மெதுவா" என்றது கீரி.

நீதி: கற்கும் வழி ஆளுக்கு ஆள் வேறு, அடுத்தவர் வலியை உணர வைக்கும் வழியைத் தாமதம் என்று தள்ளிவிடக் கூடாது.